லினக்ஸில் மவுஸ் அமைப்பு மறுநாள் காலை எங்கே போகிறது?

“எக்ஸ்இன்புட் கட்டளையால் மவுஸ் வேகத்தைக் குறைத்து வைக்கிறேன். அப்போதைக்குச் சரியாகிறது. கணினியை அணைத்துவிட்டு மறுநாள் திறந்தால் பழையபடி பறக்கிறது. டெபியனில் ஓப்பன்பாக்ஸ் வைத்திருக்கிறேன். லினக்ஸில் இதற்கு நிரந்தர வழியே கிடையாதா?” வாசகர் ஒருவர் கேட்டது.

2024 பிப்ரவரி 3

உண்டு. என் பழைய மேசைக் கணினியிலும் இதே டெபியன் 12, இதே ஓப்பன்பாக்ஸ்தான். ஆகவே கை வைத்துப் பார்த்ததையே சொல்கிறேன்.

நீங்கள் கொடுத்தது எக்ஸ்இன்புட் கட்டளை. அது, திரையையும் மவுஸையும் கவனித்தபடி ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸ் சேவையகத்திடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவது போன்றது. வெளியேறி மீண்டும் நுழைந்தால் அந்தப் பேச்சு செல்லாது. அணைக்கக்கூட வேண்டாம், மவுஸின் வயரைப் பிடுங்கி மறுபடி செருகினாலே போதும். சேவையகத்தின் கணக்கில் அது புதிதாக வந்த சாதனம். க்னோம், கேடிஇ போன்ற முழு மேசைச் சூழல்களில் பின்னணியில் ஒரு நிரல் உட்கார்ந்து நம் விருப்பத்தை நினைவில் வைத்துத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். ஓப்பன்பாக்ஸ் சாளரங்களை மட்டும் கவனிப்பது, அதில் அப்படி யாரும் இல்லை.

எழுதிக் கொடுத்தால் நிற்கும். ஈடிசி அடைவுக்குள் எக்ஸ்11, அதற்குள் எக்ஸ்ஆர்க்.கான்ஃப்.டி என்ற அடைவு. இல்லையென்றால் நீங்களே உருவாக்குங்கள். அதற்குள் 90 என்று தொடங்கி, கான்ஃப் என்று முடியும் பெயரில் ஒரு கோப்பு. உள்ளே ஒரே ஓர் இன்புட்கிளாஸ் பகுதி போதும்: ஓர் அடையாளப் பெயர், எந்த மவுஸுக்கு என்று சொல்லும் மேட்ச்புராடக்ட் வரி, டிரைவர் லிப்இன்புட் என்ற வரி (மவுஸ் அசைவைக் கணக்கிடும் நூலகம் அது), கடைசியாக ஆப்ஷன் அக்செல்ஸ்பீடு. அதன் மதிப்பு -1க்கும் 1க்கும் இடையில் ஓர் எண். நடுவில் இருக்கும் 0 தான் இயல்பு நிலை. மவுஸின் பெயரை எக்ஸ்இன்புட் பட்டியலில் பார்த்து, எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள்.

90 எதற்கு? இந்தக் கோப்புகள் பெயர் வரிசையில் படிக்கப்படுகின்றன. பின்னால் வருவது முன்னால் வந்ததை வெல்லும். யூஎஸ்ஆர், ஷேர் பக்கத்து அடைவில் 40 என்று தொடங்கும் லிப்இன்புட் கோப்பு ஏற்கெனவே இருக்கும். அதைத் திறந்து திருத்தாதீர்கள். அடுத்த புதுப்பித்தல் அதன் மேல் புதியதை வைத்துவிட்டுப் போய்விடும்.

அதே நாள், இரவு

விட்டுப்போன ஒன்று. பல பழைய கட்டுரைகளில் எக்ஸ்செட் கட்டளைக்குப் பின் எம் என்று போட்டு, ஒரு பின்னத்தையும் ஓர் எண்ணையும் கொடுக்கச் சொல்வார்கள். லிப்இன்புட் வந்த பிறகு அது பயனில்லை. வேகக் கணக்கைச் சேவையகம் போடுவதில்லை, லிப்இன்புட்டே போட்டு முடித்துவிடுகிறது. கட்டளை பிழை எதுவும் சொல்லாமல் வாங்கிக்கொள்ளும், அம்புக்குறியில் ஒரு மாற்றமும் தெரியாது. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

2024 பிப்ரவரி 6

இன்னொருவர் எழுதியிருக்கிறார்: “நீங்கள் சொன்னபடி கோப்பு வைத்தேன், கணினியை இரண்டு முறை மறுதொடக்கம் செய்தேன், ஒன்றும் நடக்கவில்லை. உபுண்டு 22.04.”

அவர்மீது குற்றமில்லை. நான் சொன்னது எக்ஸ் அமர்வுக்கு மட்டும் என்று முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். அமைப்புகளைத் திறந்து, ‘இக்கணினி பற்றி’ பகுதியில் சாளர முறைமை என்னவென்று பாருங்கள். எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலண்ட் என்று இருந்தால் எக்ஸ் அடைவில் வைத்த கோப்பை யாருமே படிக்கப்போவதில்லை. எக்ஸ்இன்புட் கட்டளையும் அங்கே ஆகாது. பட்டியல் கேட்டால் உங்கள் மவுஸின் பெயருக்குப் பதில் எக்ஸ்வேலண்ட்-பாயின்டர் என்று ஒரு பெயர் வரும். அது பழைய நிரல்களுக்காக நிறுத்தி வைத்திருக்கும் நிழல். நிழலின் வேகத்தை மாற்றினால் மவுஸின் வேகம் மாறாது.

நான் இதைப் புரிந்துகொள்ளப் பல மாதங்கள் ஆயின. ஆகவே வழியை ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். மவுஸுக்குள் இருக்கும் உணரி அசைவை எண்ணுகிறது. லினக்ஸின் மையமான கர்னல் அந்த எண்ணிக்கையை அப்படியே வாங்கி மேலே தருகிறது. லிப்இன்புட் அதற்கு வேகம், இடக்கை வலக்கை, உருட்டும் திசை எல்லாம் சேர்க்கிறது. அதை எக்ஸ் சேவையகமோ, வேலண்டில் அதே வேலையைச் செய்யும் தொகுப்பானோ எடுத்து அம்புக்குறியை நகர்த்துகிறது. கடைசியில் ஃபயர்ஃபாக்ஸோ லிப்ரேஆபிஸோ தன் பங்குக்கு எதையாவது செய்கிறது. ‘நான் மாற்றினேன், மாறவில்லை’ என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை தவறான படியில் நின்று பேசியதால் வந்தவை. கட்டளை சரியாகவே இருந்திருக்கும்.

லிப்இன்புட் பிறந்ததே வேலண்ட் பக்கம்தான். வெஸ்டன் என்ற மாதிரித் தொகுப்பானுக்குள் இருந்த உள்ளீட்டுப் பகுதியைப் பிரித்தெடுத்து, 2014இல் தனி நூலகமாக வெளியிட்டார்கள். 2015இல் 1.0 வந்தது. யோனாஸ் ஓடாலும் பீட்டர் ஹட்டரரும் இதில் முக்கியமானவர்கள். பிறகு எக்ஸும் அதையே எடுத்துக்கொண்டது. ஆகவே கணக்குப் போடும் இடம் இரண்டிலும் ஒன்றே. யாரிடம் விருப்பத்தைச் சொல்வது என்பதில்தான் வேறுபாடு. எக்ஸில் கோப்பிடம் சொல்கிறோம், க்னோமில் அதன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ஜிசெட்டிங்ஸிடம், கேடிஇயில் அதன் அமைப்புகளிடம், ஸ்வே என்ற வேலண்ட் தொகுப்பானில் அதன் உள்ளமைவுக் கோப்பிடம்.

உபுண்டு நண்பருக்கு விடை: அமைப்புகளில் உள்ள வேகப் பட்டையை நகர்த்துங்கள். அது நிற்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் முனையத்தில் ஜிசெட்டிங்ஸ் கட்டளை. அங்கே டெஸ்க்டாப், பெரிஃபெரல்ஸ், மவுஸ் என்று போகும் பெயர்க்கோவையில் எல்லாச் சாவிகளும் இருக்கின்றன.

2024 பிப்ரவரி 11

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு நோண்டினேன் என்று ஒருவர் கேட்டார். என் தொழில் மெய்ப்புப் பார்ப்பது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், பத்துப் புள்ளி எழுத்தில், ஒற்று மிகுந்த இடத்தையும் மிகாத இடத்தையும் தேடிச் சொடுக்குகிறேன். ‘படித்துப் பார்த்தான்’ என்பதில் அந்த ‘ப்’ விடுபட்டிருந்தால் ‘து’வுக்கும் இடைவெளிக்கும் நடுவில் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஓர் இழை தள்ளிப் போனால் அடுத்த சொல்லின் தலையில் போய் உட்காரும். இந்த வேலையில் வலது மணிக்கட்டு வீங்கிப்போனது. மருத்துவர் மவுஸை இடக்கைக்கு மாற்றச் சொன்னார்.

மாற்றுவது எளிது. க்னோம் அமைப்புகளில் முதன்மைப் பொத்தான் இடதா வலதா என்று கேட்கும். வலது என்று சொன்னால் போதும், இடக்கையின் ஆள்காட்டி விரலுக்குக் கீழே இருக்கும் பொத்தான் தேர்ந்தெடுக்கும் பொத்தானாகிவிடும். எக்ஸ் கோப்பில் ஆப்ஷன் லெஃப்ட்ஹேண்டட், மதிப்பு ஆன்.

முதல் வாரம் எழுதப் பழகும் பிள்ளை மாதிரி இருந்தது. இப்போது வலி குறைந்திருக்கிறது.

2024 பிப்ரவரி 12

நேற்று சொன்னதில் ஒரு பொறி இருக்கிறது. எழுதி முடித்து, உபுண்டு 22.04 போட்ட மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன். தொடுபலகையில் விரல் வைத்துச் சொடுக்கினால் ஒவ்வொரு முறையும் வலது சொடுக்குப் பட்டி திறக்கிறது. க்னோமில் தொடுபலகைக்கும் இடக்கை என்று ஒரு சாவி இருக்கிறது. அதன் இயல்பு மதிப்பு ‘மவுஸ்’. அதாவது மவுஸ் எப்படியோ நானும் அப்படியே என்று அர்த்தம். பெரிஃபெரல்ஸுக்குக் கீழே டச்பேட் பிரிவில் அந்த லெஃப்ட்-ஹேண்டட் சாவியை ‘ரைட்’ என்று மாற்றினேன். உடனே சரியானது. வரைகலை அமைப்புகளில் இதற்கு எங்கள் பதிப்பில் இடமில்லை, முனையம்தான்.

2024 பிப்ரவரி 13

“ஒரே கணினியில் எனக்கு இடக்கை மவுஸ், மகனுக்கு வலக்கை மவுஸ். இரண்டும் செருகியே இருக்கும். முடியுமா?”

க்னோமில் முடியாது. மவுஸ் அமைப்பு எல்லா மவுஸுக்கும் பொது. கேடிஇ பிளாஸ்மாவில் முடியும். சாதனத்தைப் பட்டியலில் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றுக்கும் தனியாக வைக்கலாம். எக்ஸில் மேட்ச்புராடக்ட் வரியோடு இரண்டு பகுதிகள் எழுதினால் முடிந்தது. ஸ்வேயிலும் சாதனப் பெயரை வைத்துப் பிரிக்கலாம். நீங்களும் மகனும் தனித்தனிப் பயனர் கணக்கு வைத்துக்கொண்டால் க்னோமிலேயே தீர்ந்துவிடும். என் வீட்டில் அதைத்தான் செய்தோம்.

2024 பிப்ரவரி 19

திருத்தம் ஒன்று, முக்கியமானது. மாற்றம் நடந்ததா என்று பார்க்க ‘லிப்இன்புட் டீபக்-ஈவென்ட்ஸ்’ ஓட்டுங்கள் என்று சிலருக்குத் தனியே எழுதியிருந்தேன். அது தவறு. அந்தக் கருவி மேசைச் சூழலை எட்டிப் பார்ப்பதே இல்லை. தனக்கென்று புதிதாக ஓர் ஓட்டத்தைத் தொடங்கி, இயல்பு மதிப்புகளோடு மவுஸைக் கேட்கிறது. ஆகவே க்னோமில் இடக்கை வைத்திருந்தாலும் அதில் வலக்கையாகவே தெரியும். ‘லிப்இன்புட் லிஸ்ட்-டிவைசஸ்’ காட்டுவதும் அப்படித்தான்: சாதனத்தின் இயல்பு மதிப்புகள், நீங்கள் இப்போது வைத்திருப்பவை அல்ல. இதை நம்பி மாற்றம் பிடிக்கவில்லையென்று நினைத்து மறுபடி மாற்றியவர்கள் இருந்தால் மன்னிக்க வேண்டும்.

எக்ஸில் இப்போதைய நிலையைப் பார்க்க எக்ஸ்இன்புட்டின் லிஸ்ட்-பிராப்ஸ் சரியானது. க்னோமில் ஜிசெட்டிங்ஸையே திருப்பிக் கேளுங்கள்.

டீபக்-ஈவென்ட்ஸ் வீண் என்று சொல்லவில்லை. அதன் பயன் வேறு, பிறகு எழுதுகிறேன்.

2024 மார்ச் 2

இப்போது என் உறுதியான கருத்து. முடுக்கத்தை எடுத்துவிடுங்கள்.

லிப்இன்புட்டில் மவுஸுக்கு முக்கியமாக இரண்டு முறைகள். ஒன்று அடாப்டிவ்: கை மெதுவாகப் போனால் அம்புக்குறி இன்னும் மெதுவாகப் போகும், கை வேகமாகப் போனால் அதைவிட வேகமாகப் பாயும். இன்னொன்று ஃபிளாட்: கை எவ்வளவோ அம்பும் அவ்வளவு, வேகம் பற்றிய பேச்சே இல்லை. 2023இல் மூன்றாவதாக நாமே வளைவு வரைந்து கொடுக்கும் கஸ்டம் முறை வந்தது, அதற்குள் நான் போகவில்லை.

ஃபிளாட்டில் வேகம் 0 என்றால் மவுஸ் எண்ணும் ஒவ்வோர் எண்ணுக்கும் அம்புக்குறி திரையில் ஒரு புள்ளி நகரும். -0.5 என்றால் பாதி. கணக்கு தெளிவு. 1000 டிபிஐ (அங்குலத்துக்கு 1000 எண்ணிக்கை) மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் 1000 புள்ளிகள். 1920 புள்ளி அகலத் திரையைக் கடக்க ஏறக்குறைய 49 மில்லிமீட்டர். 800 டிபிஐ என்றால் 61. 2400 என்றால் 20 மில்லிமீட்டர், கட்டைவிரல் அகலம்தான். அந்தக் கட்டைவிரல் அகலத்துக்குள் ‘து’வுக்கும் இடைவெளிக்கும் நடுவில் நிற்க முயன்று பாருங்கள்.

உபுண்டு 22.04இல் இதற்குப் பொத்தான் இல்லை. ஜிசெட்டிங்ஸில் அக்செல்-ப்ரொஃபைல் சாவியை ஃபிளாட் ஆக்கினேன். எக்ஸ் கோப்பில் ஆப்ஷன் அக்செல்ப்ரொஃபைல், மதிப்பு ஃபிளாட். கை எங்கே நின்றதோ அங்கே அம்பு நிற்கிறது. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகும் கைக்கு இதைவிட நல்லது இல்லை.

2024 மார்ச் 9

டிபிஐ எவ்வளவு என்று எப்படித் தெரியும் என்று மூவர் கேட்டுவிட்டார்கள். பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் உச்ச அளவு. லிப்இவ்டெவ் தொகுப்பில் மவுஸ்-டிபிஐ-டூல் என்று ஒரு சிறு கருவி இருக்கிறது. ஓட்டிவிட்டு மவுஸை ஒரே திசையில் 250 மில்லிமீட்டருக்கு நகர்த்தச் சொல்லும். வீட்டில் இருந்த முப்பது சென்டிமீட்டர் அடிக்கோலை மேசையில் ஒட்டி, அதன் ஓரமாகவே மவுஸை இழுத்தேன். மெதுவாக இழுத்தால் ஒரு முடிவு, விரைந்து இழுத்தால் கொஞ்சம் வேறு முடிவு. ஐந்து முறை இழுத்து நடுவில் நின்றதை எடுத்துக்கொண்டேன். என்னுடையது 1000 என்று விற்கப்பட்டது, ஏறக்குறைய 1200 வந்தது.

இது எதற்கு உதவும்? அடாப்டிவ் முறையில் லிப்இன்புட் உங்கள் கை உண்மையில் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று கணிக்க டிபிஐ தேவை. தெரியாவிட்டால் 1000 என்று எடுத்துக்கொள்ளும். சிஸ்டம்டியின் வன்பொருள் தரவுத்தளத்தில் 70-மவுஸ் என்று ஒரு கோப்பில் பல மவுஸ்களின் அளவு பதிந்திருக்கிறது. உங்களுடையது இல்லையென்றால் ஈடிசி அடைவில், யூடெவ்வுக்குக் கீழே எச்டபிள்யூடிபி.டி அடைவில் நீங்களே ஒன்று எழுதித் தரவுத்தளத்தைப் புதுப்பிக்கலாம். ஃபிளாட்டுக்கு இது வேண்டியதில்லை. நான் எழுதி வைத்தேன், அவ்வளவே.

விளையாட்டுக்கான மவுஸாக இருந்தால் பைப்பர் நிரலில் டிபிஐயையே மாற்றலாம். அது மவுஸின் சொந்த நினைவகத்தில் எழுதுவதால் எந்தக் கணினியில் செருகினாலும் அப்படியே இருக்கும். எல்லா மவுஸும் அதற்கு இணங்காது.

2024 மார்ச் 21

சக்கரத்தைப் பற்றி இவ்வளவு கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. “ஒரு நொடிப்புக்கு மூன்று வரிதான் நகர்கிறது, கூட்ட வேண்டும்.”

நொடிப்பு என்றால் சக்கரம் ஒரு பல் நகர்வது. லிப்இன்புட்டில் சக்கர வேகத்துக்கு அமைப்பு கிடையாது. நானும் தேடித் தேடி அலைந்தேன். அது சக்கரம் எவ்வளவு சுழன்றது என்று மட்டும் சொல்லும். எத்தனை வரி நகர்வது என்பது மேலே இருப்பவர்களின் பொறுப்பு. கேடிஇயில் வேலண்ட் அமர்வில் உருட்டும் வேகத்துக்குப் பட்டை உண்டு. ஸ்வேயில் ஸ்க்ரோல்_ஃபேக்டர் உண்டு. க்னோமில் இல்லை. ஃபயர்ஃபாக்ஸுக்கு மட்டுமாவது வேண்டுமென்றால், முகவரிப் பட்டையில் அபௌட்:கான்ஃபிக் என்று தட்டி, மவுஸ்வீல் டிஃபால்ட் டெல்டா மல்டிப்ளையர் ஒய் என்ற வரியைத் தேடுங்கள். அங்கே 100 இருக்கும். நான் 180 வைத்திருக்கிறேன்.

ஐஎம்வீல் என்று ஒரு கருவியைப் பலர் சொல்வார்கள். அது ஒரு நொடிப்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று நொடிப்பாகத் திருப்பி அனுப்பும். எக்ஸுக்கு மட்டும்.

ஒரு நொடிப்பு என்று சும்மா சொல்கிறோம், அதற்குள்ளும் கணக்கு இருக்கிறது. 2019இல் வந்த கர்னல் 5.0 முதல் உயர் துல்லிய உருட்டல் உண்டு. அதில் ஒரு நொடிப்பு 120 அலகு. வழவழவென்று சுழலும் சக்கரமுள்ள மவுஸ்கள் 120க்குக் குறைவான துண்டுகளை அனுப்பும், பக்கம் எகிறாமல் வழுக்கிச் செல்லும். லிப்இன்புட் 2021இல் 1.19 பதிப்பில் அதை மேலே கொண்டுசேர்த்தது.

2024 மார்ச் 22

பந்து மவுஸ் (டிராக்பால்) வைத்திருப்பவருக்கு: சக்கரம் இல்லாவிட்டால் ஸ்க்ரோல்மெதட் என்பதை பட்டன் ஆக்கி, ஸ்க்ரோல்பட்டனுக்குப் பக்கவாட்டுப் பொத்தானின் எண்ணைக் கொடுங்கள். எக்ஸில் பக்கவாட்டுப் பொத்தான்கள் பொதுவாக 8, 9. நடுவில் 4 முதல் 7 வரை சக்கரத்துக்குப் போய்விட்டன. பொத்தானை அழுத்திக்கொண்டு பந்தை உருட்டினால் பக்கம் நகரும். க்னோமில் டிராக்பால் பிரிவில் இதற்கென்றே சாவி இருக்கிறது.

2024 ஏப்ரல் 14

புத்தாண்டு நாளில் கணினி முன்னால் உட்காரக் கூடாதென்று வீட்டில் உத்தரவு. இதை மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிடுகிறேன், ஏனென்றால் இது வேறு யாருக்கும் நடக்கக் கூடாது.

நான் மெய்ப்புப் பார்த்து அனுப்பிய ஒரு நூலில், 112ஆம் பக்கத்தில், ஒரு பத்தியின் நடுவில் வேறோர் அத்தியாயத்தின் அரை வாக்கியம் வந்து விழுந்திருந்தது. நல்லவேளை, அச்சுக்குப் போகுமுன் நூலாசிரியர் கண்டுபிடித்தார். எப்படி நடந்தது என்று இரண்டு நாள் தேடினேன். சக்கரம்தான். லினக்ஸில் தேர்ந்தெடுத்த உரை தானாகவே ஒரு தனி இடத்தில் நகலாகிவிடும். நடுப்பொத்தானை அழுத்தினால் அது ஒட்டப்படும். சக்கரமே நடுப்பொத்தான். இடக்கைக்கு இன்னும் பக்குவம் வரவில்லை. உருட்டும்போது சக்கரத்தை அழுத்தியிருக்கிறேன்.

இந்த வசதியைப் பிடித்தவர்கள் ஏராளம், நானும் இருபது ஆண்டுகளாகப் பயன்படுத்தியவன். ஆனால் மெய்ப்பு வேலைக்கு இது ஆகாது. லிப்ரேஆபிஸில் கருவிகள், விருப்பங்கள், காட்சி என்று போனால் நடுப்பொத்தானுக்கு என்ன வேலை என்று கேட்கும் இடம் இருக்கிறது. வேலையில்லை என்று வைத்தேன். க்னோமின் மற்ற நிரல்களுக்கு இன்டர்ஃபேஸ் பிரிவில் ஜிடிகே-எனேபிள்-ப்ரைமரி-பேஸ்ட் சாவியை அணைத்தேன். ஃபயர்ஃபாக்ஸில் தனியாக மிடில்மவுஸ்.பேஸ்ட்.

கவனியுங்கள், ஒரே ஒரு பழக்கத்தை நிறுத்த மூன்று இடங்கள். ஒட்டும் வேலையை அந்தந்த நிரலே செய்வதால்தான்.

2024 மே 5

டீபக்-ஈவென்ட்ஸின் பயனைப் பிறகு எழுதுகிறேன் என்றேனே, அதற்கு இப்போது நேரம் வந்தது.

மேசைக் கணினியின் மவுஸ் ஒரு மாதமாகச் சேட்டை செய்தது. ஒரு முறை சொடுக்கினால் இரண்டு முறை சொடுக்கியதாக எடுத்துக்கொள்ளும். உரையை இழுத்துத் தேர்ந்தெடுக்கும்போது பாதியில் விட்டுவிடும். ஓப்பன்பாக்ஸைச் சந்தேகித்தேன், இருமுறை சொடுக்கும் இடைவெளியைக் கூட்டிப் பார்த்தேன், பயனில்லை. பிறகு ஈவிடெஸ்ட் ஓட்டினேன். அது கர்னல் தருவதை நேராகக் காட்டும். இடது பொத்தானுக்கு 272 என்ற எண். ஒருமுறை அழுத்தி எடுத்தால் இரண்டு வரிகள் வர வேண்டும்: மதிப்பு 1, மதிப்பு 0. எனக்கு நான்கு வந்தன: 1, 0, 1, 0. நடுவில் இருந்த 0க்கும் 1க்கும் இடைவெளி ஆறு மில்லிவினாடி. மனித விரலால் ஆகாத வேகம் அது. பொத்தானுக்குக் கீழே இருக்கும் சிறு விசையின் தகடு தேய்ந்துபோய்த் துள்ளுகிறது.

இப்போது டீபக்-ஈவென்ட்ஸ் ஓட்டிப் பார்த்தேன். பெரும்பாலான நேரம் ஒரே ஓர் அழுத்தலும் ஓர் எடுப்பும்தான் தெரிந்தன. தேய்ந்த விசைகளின் துள்ளலை வடிகட்ட லிப்இன்புட்டில் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் துள்ளலின் இடைவெளி நீண்டுவிட்டால் அதுவும் உண்மையான சொடுக்கு என்றே ஏற்றுக்கொள்ளும். பத்தில் இரண்டு அப்படித் தப்பி வந்தன.

இரண்டு கருவிகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினால் குற்றம் எந்தப் படியில் என்று தெரிந்துவிடும். ஈவிடெஸ்டிலேயே தவறு இருந்தால் மென்பொருளில் எதை மாற்றியும் பயனில்லை. மவுஸைத் திறந்து விசையை மாற்றக் கொடுத்தேன்.

2024 மே 7

மடிக்கணினியில் மவுஸ் தூங்கிப்போகிறது, அசைத்தால் எழவில்லை, சொடுக்கினால்தான் எழுகிறது என்றவருக்கு: பவர்டாப்பைத் தானியங்கு முறையில் ஓட்டியிருக்கிறீர்களா? அது யூஎஸ்பி சாதனங்களைத் தூங்க வைத்து மின்சாரம் மிச்சம் பிடிக்கும். மவுஸையும் சேர்த்துத்தான். மவுஸ் செருகியிருக்கும் இணைப்புக்கு மட்டும் அதை விலக்குங்கள்.

2024 ஜூன் 16

மார்ச் 2ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். முழுதாக அல்ல, ஆனால் ‘எடுத்துவிடுங்கள்’ என்று எல்லோருக்கும் சொன்னதை.

மூன்று மாதம் ஃபிளாட்டில் வேலை செய்தேன். நுண்ணிய சொடுக்குகள் அருமையாக இருந்தன. ஆனால் ஒரு நாளில் நான் நூற்றுக்கணக்கான முறை உரையிலிருந்து மேலே உள்ள பட்டிக்கும், வலது ஓரத்தில் உள்ள குறிப்புகளுக்கும் போய்வருகிறேன். இரண்டு திரைகள் சேர்த்து 3840 புள்ளி. நுண்மைக்காக வேகத்தை -0.4 வைத்திருந்ததால், என் 1200 டிபிஐ மவுஸை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குக் கொண்டுபோகக் கை 135 மில்லிமீட்டர் பயணிக்கிறது. ஒரு வாரத்தில் இடது தோள்பட்டை வலிக்கத் தொடங்கியது. வலது மணிக்கட்டைக் காப்பாற்றி இடது தோளைக் கொடுப்பதா?

அடாப்டிவுக்குத் திரும்பினேன், வேகம் -0.2. தொலைவுக்கு ஒரு வீச்சு, கடைசியில் மெதுவாக நெருங்கல். முன்பு இது ஏன் பிடிக்கவில்லை என்று யோசித்தேன். அப்போது டிபிஐ பதிவு இல்லை, மடிக்கணினியில் வேகம் 0.6இல் இருந்தது, யாரோ எப்போதோ வைத்தது. வளைவைப் பழித்தேன், பட்டையைப் பார்க்கவில்லை. இப்போது ‘து’வுக்குப் பக்கத்தில் அம்பு கிட்டத்தட்டத் தவழ்ந்துதான் போகிறது.

குறி பார்த்துச் சுடும் விளையாட்டுக்காரர்களுக்கு ஃபிளாட்தான் என்பதில் மாற்றமில்லை. அவர்களுக்குக் கையின் தொலைவு மனப்பாடம். பெரிய திரையில் நாள் முழுக்க உரை வேலை செய்பவர்கள் இரண்டையும் ஒரு வாரம் வீதம் வைத்துப் பாருங்கள். ஒரே நாளில் முடிவெடுக்க வேண்டாம், கை பழையதையே கேட்கும்.

2024 செப்டம்பர் 8

மடிக்கணினியை உபுண்டு 24.04க்கு மேம்படுத்தினேன். அமைப்புகளில் மவுஸ் பக்கத்திலேயே முடுக்கத்துக்கு ஒரு பொத்தான் வந்திருக்கிறது. முனையம் வேண்டாம். ஜிசெட்டிங்ஸில் வைத்தவை எல்லாம், தொடுபலகையின் ‘ரைட்’ உட்பட, அப்படியே இருந்தன. எக்ஸ்இன்புட் கட்டளையை ஓட்டினால் எக்ஸ்வேலண்டுக்கு எதிராக ஓட்டுகிறாய் என்று இப்போது எச்சரிக்கிறது. பிப்ரவரியில் இந்த ஒரு வரி இருந்திருந்தால் அந்த உபுண்டு நண்பருக்கு நேரம் மிச்சமாகியிருக்கும்.

2024 செப்டம்பர் 15

முதல் கேள்வியைக் கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார்: “ஏழு மாதம் ஒழுங்காக ஓடியது. நேற்று முதல் மறுபடி பறக்கிறது. கோப்பு அப்படியே இருக்கிறது. மவுஸ் மட்டும் புதிது.”

அந்த ‘மட்டும்’தான் காரணம். மேட்ச்புராடக்ட் வரியில் பழைய மவுஸின் பெயர் இருக்கிறது. எக்ஸ்இன்புட் பட்டியலில் புதியதன் பெயரைப் பார்த்து அங்கே மாற்றுங்கள். இனி எந்த மவுஸ் வந்தாலும் இதே வேகம் போதுமென்றால் அந்த வரியை எடுத்துவிட்டு, மேட்ச்இஸ்பாயின்டர் ஆன் என்று எழுதுங்கள். வெளியேறி நுழைந்தால் பிடித்துக்கொள்ளும். புதியதன் டிபிஐயையும் ஒருமுறை அடிக்கோல் வைத்து அளந்துவிடுங்கள், பழைய எண் இதற்குச் சரிப்படும் என்று சொல்ல முடியாது.